ஜூலையில் வேண்டாம், ஏப்ரலிலேயே வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கோடைகால வகுப்புகளுக்கான இரண்டு பக்கங்களையும் ஒரு வரி விடாமல் வாசித்தேன். நீச்சல், கிரிக்கெட், பரதம், மிருதங்கம், கணிதம், றோபோ செய்யப் பழக்கும் முகாம் எல்லாம் இருந்தன. பாய்ப்படகு மட்டும் இல்லை. வருகிற விளம்பரத்தைத்தான் நீங்கள் போடமுடியும். உங்களில் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் பிறிம்லி வீதியைப் பிடித்துத் தெற்கே போனால், கடைசியில் வீதி செங்குத்தாகக் கீழே இறங்கி ஒன்ராறியோ ஏரிக்கரையில் முடிகிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் எங்களில் பலருக்கு அது இருபது நிமிடக் கார் ஓட்டம். அங்கே புளஃபர்ஸ் பூங்காவுக்குள் பாய்ப்படகுக் கழகங்கள் பல வருடங்களாக இயங்குகின்றன. நான் அவற்றில் ஒன்றில் உறுப்பினர். பிறந்தது வட இலங்கைக் கடற்கரை ஊரான வல்வெட்டித்துறையில். எங்கள் சனம் அந்தப் பூங்காவுக்கு வராமல் இல்லை. கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இறைச்சி வாட்டுகிற இடத்தில் தமிழ்தான் அதிகம் கேட்கும். வேலிக்கு அந்தப் பக்கம், படகுத் துறையில்தான் எங்களைக் காணவில்லை.

இப்போது மார்ச் கடைசி. போன ஒக்டோபரில் கரையேற்றிய படகுகள் இரும்புத் தாங்கிகளில் தார்ப்பாய் போர்த்தபடி நிற்கின்றன. ஒன்ராறியோ ஏரி ஆழமானது. ஆகக்கூடிய ஆழம் 244 மீற்றர். அதனால் நடு ஏரி முழுதாக உறைவது மிக அரிது. ஆனால் படகு கட்டுகிற குடாவுக்குள் பனிக்கட்டி பிடித்துவிடும், அதற்குள் அகப்பட்ட படகை நெரித்துவிடும். அதனால்தான் ஒக்டோபரில் கரையேற்றி, ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ திரும்ப இறக்குகிறோம். இறக்கமுன் கிடைக்கிற இந்த நாலைந்து கிழமைதான் வேலைக்காலம்.

வெயில் எறித்தவுடன் பாயை விரித்துக்கொண்டு போவதாக வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். முதலில் தார்ப்பாயைக் கழற்றி, உள்ளே தேங்கிய தண்ணீரை இறைக்கவேண்டும். உறையாமல் இருக்க எஞ்சினுக்குள்ளும் குழாய்களுக்குள்ளும் விட்டிருந்த இளஞ்சிவப்புத் திரவத்தை எடுத்துவிடவேண்டும். படகின் அடியில் துவாரங்கள் இருக்கின்றன. எஞ்சினைக் குளிராக்கத் தண்ணீர் எடுக்க ஒன்று, கழுவுதொட்டித் தண்ணீர் போக ஒன்று என்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. எல்லாவற்றையும் கையால் திறந்து பூட்டிப் பார்க்கவேண்டும். அந்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் வளையம் ஒரு சில டொலர் சாமான், ஆனால் அது துருப்பிடித்து அறுந்தால் கட்டிய இடத்திலேயே படகு தாழும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக் கயிறுகளைப் பழைய துணியால் பிடித்து மேலிருந்து கீழே உருவிப் பார்ப்போம். ஒரு நார் அறுந்திருந்தாலும் துணியில் கொழுவும்.

அடிப்பகுதிதான் பெரிய வேலை. போன வருடப் பூச்சைத் தேய்த்து எடுத்து, செம்பு கலந்த பூச்சை உருளையால் புதிதாகப் பூசவேண்டும். பூசாவிட்டால் பாசியும், சீப்ரா மட்டி என்கிற சிறு சிப்பிகளும் ஒட்டிக்கொள்ளும். அந்த மட்டி இந்த ஏரிகளுக்கு உரியதே அல்ல. 1980களின் கடைசியில் தூர தேசத்துச் சரக்குக் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்த தண்ணீரோடு வந்து, ஏரிகள் முழுக்கப் பரவிவிட்டது. பூச்சின் தூசு நெஞ்சுக்குக் கூடாது என்பதால் முகமூடியும் கையுறையும் இல்லாமல் யாரையும் தேய்க்க விடமாட்டோம். எஞ்சின் சுற்றுகிற சுழலியின் தண்டில் ஒரு சின்ன உலோகத் துண்டு பூட்டியிருக்கும். மற்ற உலோகங்களை அரிப்பு தின்னாமல் இருக்க அது தன்னைத் தின்னக் கொடுக்கும். உப்புக் கடல் என்றால் துத்தநாகம் போடுவார்கள், இந்த நன்னீருக்கு மக்னீசியம். இப்படியான சங்கதிகளை எனக்குச் சொல்லித்தந்தது புத்தகம் இல்லை. பக்கத்துத் தாங்கியில் படகு வைத்திருந்த, ஓய்வுபெற்ற பஸ் சாரதி ஒருவர் குந்தியிருந்து காட்டித்தந்தார்.

நான் சொல்ல வந்த விஷயமும் இதுதான். பாய்ப்படகு பழக ஆசைப்படுகிறவர்கள் ஜூலை மாதம் வந்து வேலியருகே நின்று பார்க்கிறார்கள். அப்போது எல்லாரும் தண்ணீரில் இருப்பார்கள். கரையில் கதைக்க ஆள் இருக்காது, இருக்கிறவருக்கும் அவசரம். ஏப்ரலில் வாருங்கள். படகு தரையில் நிற்கும்போதுதான் ஏரா என்கிற பாரமான அடிக்கட்டை எவ்வளவு கீழே போகிறது, சுக்கான் எப்படித் திரும்புகிறது, ஏன் இந்தப் படகு சரிந்தாலும் கவிழாமல் நிமிர்கிறது என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பிள்ளைக்கு அதைத் தொட்டுக் காட்டலாம். அதோடு ஏப்ரலில் எல்லாருக்கும் ஆள் தேவை. பாய்மரம் தூக்கிவைக்க, ஏணி பிடிக்க, மறுபக்கம் நின்று சாவியால் முறுக்க ஒரு கை வேண்டும். "நான் பிடிக்கட்டுமா" என்று கேட்கிறவரை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. மத்தியானம் எல்லாரும் ஒரே மேசையில் சாப்பிடுவோம். நான் மட்டன் ரோல்ஸ் கொண்டுபோவேன். இப்போது வேலைநாள் அறிவித்தல் வந்தவுடன் ரோல்ஸ் வருமா என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

படகு இறக்குகிற நாளை ஒருமுறையாவது உங்கள் வாசகர்கள் பார்க்கவேண்டும். அதிகாலையிலேயே வாடகைக் கிரேன் வந்துவிடும். கிரேனுக்கு மணிக்கணக்கில் காசு, அதனால் ஒழுங்குமுறை கடுமையானது. ஒவ்வொரு படகாக இரண்டு அகல வார்களைக் கீழால் கொடுத்துத் தூக்குவார்கள். அணியம் என்கிற முன்பக்கத்தில் ஒரு கயிறு, பின்பக்கம் ஒரு கயிறு; காற்றில் சுழலாமல் இருக்க இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டே நடக்கவேண்டும். தூக்கிய படகுக்குக் கீழே ஒருவரும் போகக்கூடாது. தாங்கியின் கட்டைகள் பட்டிருந்த இடங்கள் பூச்சில்லாமல் வெறுமையாக இருக்கும். படகு அந்தரத்தில் தொங்கும்போது உடைமைக்காரர் பக்கவாட்டில் நின்று நீளத் தடியில் கட்டிய உருளையால் அவசரமாக அந்த இடங்களைப் பூசுவார். பிறகு மெதுவாக இறங்கி அடி தண்ணீரைத் தொடும். தொட்டவுடன் வாரை அவிழ்க்கமாட்டார்கள். ஒருவர் உள்ளே குதித்துத் தரைப்பலகையைத் தூக்கி, வால்வுகளைச் சுற்றி விரலால் தடவிப் பார்ப்பார். அதுவரை கரையில் நிற்கிற எல்லாரும் கதையை நிறுத்திவிடுவார்கள். உள்ளே இருந்து அவர் பெருவிரலை உயர்த்திக் காட்டின பிறகுதான் வார் தளரும். பின்னேரத்துக்குள் கரை வெறுமையாகி, காலியான தாங்கிகள் மட்டும் நிற்கும்.

இனி, எங்கள் சனம் ஏன் வருவதில்லை என்பதைப் பற்றி.

காசுக்காரர் விளையாட்டு என்பது முதல் காரணம். பெரிய படகும் பெரிய செலவும் உள்ளவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் எங்கள் கரையில் நிற்பவற்றில் பல, 1970களிலும் 80களிலும் இதே ஒன்ராறியோவில் கட்டிய பழைய ஃபைபர்கிளாஸ் படகுகள். ஒஸ்திரியாவிலிருந்து வந்து நயாகராவில் குடியேறிய ஜோர்ஜ் ஹின்டர்ஹோலர் 1959இல் வரைந்த 24 அடி ‘ஷார்க்’ இன்றைக்கும் போட்டிக்குப் போகிறது. இப்படிப் பழைய படகுகள் ஒரு பாவித்த காரின் விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். வாங்கச் சொல்லி நான் சொல்லவில்லை. விலை குறைவு என்று வாங்கிவிட்டு, வருடாவருடம் துறைக்கட்டணம், காப்புறுதி, கிரேன் பங்கு என்று கட்டமுடியாமல் விட்டுப்போனவர்களும் உண்டு. படகு இல்லாமலே ஓடலாம் என்பதுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரியாத விஷயம். கோடையில் வாரநாள் மாலைகளில் கழகங்களுக்குள் போட்டி நடக்கும். ஒரு 27 அடிப் படகுக்கு நாலைந்து பேர் வேண்டும், எப்போதும் ஆள் தட்டுப்பாடு. ஏப்ரலில் ஏணி பிடித்தவரைத்தான் ஜூனில் கூப்பிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கழகங்களும் நகரத்துப் பயிற்சிப் பள்ளிகளும் வகுப்பு நடத்துகின்றன. ‘ஒப்டிமிஸ்ட்’ என்கிற எட்டடிக்கும் குறைந்த பெட்டி போன்ற படகில் ஒற்றைப் பிள்ளை தனியாக ஓட்டிப் பழகும். ஆரம்பத்திலேயே படகை வேண்டுமென்று கவிழ்க்கச் செய்து, தானே நிமிர்த்தி ஏறப் பழக்குவார்கள். பார்த்துக்கொண்டு நிற்கிற தாய்மார்தான் பயந்துபோவார்கள்.

இரண்டாவது காரணம் பயம். அதை நான் லேசாக எடுக்கமாட்டேன். படகு என்றால் எங்களில் ஒரு தலைமுறைக்கு யாழ்ப்பாணத்துக் கிளாலிதான் நினைவுக்கு வரும். 1990களின் முற்பகுதியில் இரவில், விளக்கில்லாமல், எப்போது கடற்படை வரும் என்று தெரியாமல் அந்தக் கடனீரேரியைக் கடந்தவர்கள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். அதில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 1986 ஓகஸ்ட்டில் நியூஃபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். இந்த நாட்டில் எங்கள் கதையே ஒரு வகையில் படகிலிருந்துதான் தொடங்குகிறது. என் அம்மாவும் கிளாலியால் வந்தவர். நான் பாய் ஏற்றுவதைப் பார்க்க வருவார், ஆனால் மிதக்கும் பலகைத் துறையில் கால் வைக்கமாட்டார். காருக்குள் இருந்தபடி பார்ப்பார். நான் வற்புறுத்துவதில்லை. ஆனால் அம்மாவின் பயம் அவருடைய பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்து, அவர்கள் தண்ணீரைத் தெரியாமலே வளர்வதை நான் விரும்பவில்லை.

மூன்றாவது காரணத்தை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடல் என்றால் ஒரு சில சாதிகளின் தொழில், படித்த வீட்டுப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்கிற நினைப்பு. அதுவும் எங்களோடு விமானம் ஏறி வந்துவிட்டது. "என்ன, பிள்ளையைக் கடலுக்கு விடப்போறியளோ?" என்று ஒரு கலியாண வீட்டில் என்னிடமே கேட்டார்கள். கேட்டவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் எழுதுகிறேன். என் அம்மப்பா பாய்க்கப்பலில் ரங்கூனுக்கும் நாகபட்டினத்துக்கும் போய்வந்தவர். வானத்தைப் பார்த்து வழி கண்டவர். கப்பலைக் கரையேற்றி, தண்ணீர் புகாமல் இடுக்குகளை அடைக்கிற கலப்பத்து அடிக்கிற நாட்களில் பலகை இடுக்கில் பஞ்சு சரியாக இறங்கியிருக்கிறதா என்று விரலால் தட்டிச் சத்தத்தில் கண்டுபிடிப்பாராம். அது படிப்பில்லை என்றால் எது படிப்பு?

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்கிற பாய்க்கப்பலின் கதை எங்கள் ஊர் ஒன்றுகூடல்களில் அடிக்கடி சொல்லப்படுவது. அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கி ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். எங்கள் ஊர் மாலுமிகள் அதைச் சுயஸ் கால்வாய் வழியாக ஓட்டி, அத்திலாந்திக்கைத் தாண்டி, 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய் விட்டார்கள். ரொறன்ரோவிலிருந்து குளோஸ்டர் ஒரு பகல் கார் ஓட்டம். அந்தக் கப்பலின் படத்தை மண்டபத்தில் மாட்டிக் கைதட்டுகிறோம். அதை மாட்டுகிற பிள்ளைக்குப் பாயை இழுக்கிற கயிறு எது, பாயை ஏற்றுகிற கயிறு எது என்று தெரியாது. எனக்கு அது மனதைச் சுடுகிறது.

ஊர்க்கடல் தெரிந்தவர்களுக்கும் இந்த ஏரி புதிதுதான். வாடையும் சோளகமும் மாதக்கணக்காக நின்று வீசுகிற மாதிரி இங்கே காற்று நிலைப்பதில்லை. வெயில் நாட்களில் மத்தியானத்துக்குப் பிறகு தெற்கே இருந்து ஏரிக்காற்று எழும்பும்; அது நல்ல காற்று. வடக்கே இருந்து வந்தால் ஸ்காபரோ மேட்டு முகப்பு அதை மறித்து, விட்டுவிட்டு அடிக்கச் செய்யும். கிழக்குக் காற்றுத்தான் கவனிக்கவேண்டியது. 300 கிலோமீற்றருக்கு மேல் நீண்ட ஏரியின் முழு நீளத்தையும் தடவிக்கொண்டு வருவதால் அலை கட்டையாகவும் செங்குத்தாகவும் எழும்பும். ஏரி தானே என்று நினைத்துப் போனவர்கள் அதற்குள் நின்று வாந்தி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன். 2017இலும் 2019இலும் ஏரி மட்டம் ஏறி வசந்தத்தில் துறைப்பலகைகள் தண்ணீருக்குள் போன வருடங்களும் உண்டு. ஒவ்வொரு வருடமும் புதிதாகப் படிக்கவேண்டியிருக்கிறது.

எல்லாவற்றையும் விடக் குளிர்நீர். மே தொடக்கத்தில் வெளியே 20 பாகை வெயில் அடிக்கும். தண்ணீர் 5 பாகை அளவில்தான் இருக்கும். மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ற் குளிர்நீரில் தானே இறங்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லிக்கொடுக்கிற கணக்கை இங்கே படகுக்காரர் எல்லாருக்கும் தெரியும்: 1, 10, 1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சுத் திணறும், அதை அடக்கவேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொல்வழி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம் இருக்கிறது, ஆனால் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துவைக்க ஏதாவது இருந்தால்தான். நல்லாக நீந்தத் தெரிந்தவருக்கும் இதே கணக்குத்தான். படகில் உள்ள ஒவ்வொருவருக்கும் அளவான உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும் என்கிறது சட்டம். இருந்தால் போதாது, உடம்பில் போட்டிருக்கவேண்டும். விழுந்த பிறகு அதைப் போட அந்தக் கை உதவாது. எஞ்சின் பூட்டிய படகை, அது பாய்ப்படகாக இருந்தாலும், ஓட்டுகிறவரிடம் ஓட்டுநர் அட்டை இருக்கவேண்டும். 2009 செப்டெம்பரிலிருந்து வயது வேறுபாடில்லாமல் அது கட்டாயம். வாடகைப் படகு எடுத்துக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போகிறவர்களுக்கும் குளிர்நீர்க் கணக்கும் அங்கிச் சட்டமும் பொருந்தும் என்பதால் எழுதுகிறேன். ஏரியில் மூழ்கி இறந்த எங்கள் இளைஞர்களின் மரண அறிவித்தல்களை உங்கள் பத்திரிகையிலேயே வாசித்திருக்கிறேன். தாயின் பெயரைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப முடியாமல் இருந்திருக்கிறேன்.

ஆகவே, ஆசிரியர் அவர்களே, உங்களிடம் இரண்டு விஷயம் கேட்கிறேன். ஏரிக்கரைக் கழகங்கள் பல, வசந்தத்தில் புதியவர்கள் வந்து பார்ப்பதற்கென்று ஒரு நாளைத் திறந்து வைக்கின்றன. அந்தத் திகதிகளை நான் கேட்டுத் திரட்டித் தருகிறேன். கோடைகால வகுப்புகளின் அடுத்த பட்டியலில் நாட்டிய வகுப்புக்கும் கணித வகுப்புக்கும் பக்கத்தில் அவற்றையும் போடுங்கள். விளம்பரக் கட்டணம் என்றால் அதையும் சொல்லுங்கள், நாங்கள் சிலர் சேர்ந்து கட்டுகிறோம். மற்றது, மே மாதம் வருகிற முதல் இதழில் அந்த 1, 10, 1 கணக்கைக் கொட்டை எழுத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் போடுங்கள். விக்ரோறியா நாள் நீண்ட வார இறுதிக்கு எல்லாரும் தண்ணீருக்கு இறங்கமுன் அது வீடுகளுக்குப் போய்ச் சேரவேண்டும்.

வருகிறவர்களுக்கு: ஏப்ரலில் ஏரிக்கரையில் வீட்டை விடக் குளிர் கூட, தடித்த மேற்சட்டை போடுங்கள். பூச்சுப் பட்டால் போகாது, பழைய உடுப்பாக இருக்கட்டும். வழுக்காத அடிச் சப்பாத்து. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளைக் கிரேன் நாளில் கூட்டிவராதீர்கள், அன்றைக்கு அவர்களைப் பார்க்க எங்களில் யாருக்கும் கை ஓய்வு இருக்காது. மற்ற நாட்களில் தாராளமாகக் கூட்டிவாருங்கள்.

இப்படிக்கு,
வல்வெட்டித்துறையைப் பிறப்பிடமாகக் கொண்ட வாசகி,
ஸ்காபரோ